கிணற்றுக்கார எக்பெர்க் போட்ட கையெழுத்து

மார்லோ பெண்ட் ஊரில் குஸ்தாவ் எக்பெர்க்கின் பெயரை எடுத்தால் கிணறுகளைப் பற்றித்தான் பேச்சு வரும். நெப்ராஸ்காவின் அந்த மேட்டுநிலத்தில் தண்ணீர் லேசில் கிடைக்காது. மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்க இறங்க, மேலே வானம் ஒரு டாலர் நாணயம் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட குழிகளுக்குள் முப்பது வருடம் இறங்கி ஏறியவர் அவர். ஒருமுறை கயிற்று உருளையில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மிச்சமிருந்த மூன்று விரல்களோடு அதற்குப் பிறகும் வெட்டினார்.

மற்ற கிணறு வெட்டிகள் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று ஆசை காட்டிக் கூலியை வளர்ப்பார்கள். எக்பெர்க் அப்படிச் செய்வதில்லை. வராது என்று தெரிந்த கணமே மேலே ஏறி வந்து, முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்க இல்ல" என்று சொல்லிவிடுவார். பாதிக் கூலியோடு போய்விடுவார். அதனால் அவர் "இருக்கு" என்று சொன்னால் ஜனங்கள் மனைவியின் காது வளையத்தை விற்றாவது மேற்கொண்டு வெட்டச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு வங்கிக்கு வைஸ் பிரசிடெண்ட் ஆனது வேடிக்கைதான். 1889இல் அலோன்சோ பிராட் என்பவர் ஊரில் நேஷனல் வங்கி தொடங்க அனுமதி கேட்டபோது ஐந்து இயக்குநர்களின் பெயரைக் காட்ட வேண்டியிருந்தது. வங்கிக் கட்டிடத்துக்குப் பின்னால் அப்போதுதான் எக்பெர்க் கிணறு வெட்டி முடித்திருந்தார். பிராட் கூலிக்குப் பதிலாகப் பங்குகளைக் கொடுத்தார். வங்கிக்கு ஊர் நம்பும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. எக்பெர்க்குக்கு வேறு கூலி கிடைக்கும் வழி தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஜனவரியில் கூட்டம் நடக்கும். அவர் சுத்தமான காலர் அணிந்து போய் உட்காருவார், பிராட் வீட்டிலிருந்து வரும் ஆப்பிள் பை என்ற பலகாரத்தைச் சாப்பிடுவார், எல்லோரும் கை தூக்கும்போது தானும் தூக்குவார். பதினெட்டு வருடமாக அவர் பார்த்த வங்கி வேலை அவ்வளவுதான். பதவிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நேஷனல் வங்கிக்கும் தன் பெயரிலேயே நோட்டு உண்டு. மார்லோ பெண்ட் நோட்டில் ஊரின் பெயர் கறுப்பு மையில் கம்பீரமாக நிற்கும். வாஷிங்டனில் அச்சாகி, ஒரு தாளில் நான்கு நோட்டுகளாக, வெட்டாமலே ரயிலில் வரும். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வெற்றிடங்கள் இருக்கும். இடது பக்கம் கேஷியர், வலது பக்கம் பிரசிடெண்ட். இரண்டு பேரும் பேனாவால் கையெழுத்துப் போட்டு, கத்தரியால் வெட்டிய பிறகுதான் அது பணம். அதுவரை வெறும் காகிதம். கடைக்காரர்கள் நோட்டை வாங்கும்போது படத்தைப் பார்க்க மாட்டார்கள். கீழே இருக்கும் கையெழுத்தைத்தான் பார்ப்பார்கள். பிரசிடெண்ட் பிராட்டின் கையெழுத்து காளைக்கொம்பு போல வளைந்து மேலே போகும். பக்கத்து மாவட்டத்துக்காரர்களுக்கும் அது அடையாளம் தெரியும்.

1907 இலையுதிர்காலத்தில் நியூயார்க்கில் ஏதோ பெரிய நிறுவனம் கதவைச் சாத்தியது. அந்தப் பயம் ஒவ்வொரு நகரமாக மேற்கே நடந்து வந்து ஒமாஹாவை அடைந்தது. ஒமாஹா வங்கிகள் சின்ன ஊர்களுக்கு ரொக்கம் அனுப்புவதை நிறுத்தின. சோளம் அறுவடையாகிக் களஞ்சியத்தில் குவிந்து கிடந்தது. வாங்க வேண்டியவர்களிடம் பணம் இல்லை. மார்லோ பெண்டில் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டார்களே தவிர யாரும் அசையவில்லை. நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நின்ற பிராட், பாட்டுப் புத்தகத்தோடு அப்படியே சாய்ந்தார். உயிர் இருந்தது. வலப்பக்கம் செயலற்றுப் போயிருந்தது, பேச்சு வரவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் காரணம் கண்டுபிடித்துவிட்டது. பெட்டி காலி, அதனால்தான் மனுஷன் விழுந்தான்.

திங்கட்கிழமை காலை வங்கி திறப்பதற்கு முன்பே வரிசை முடிதிருத்தும் கடையைத் தாண்டியிருந்தது. அந்த வரிசையில் எக்பெர்க்கும் நின்றார்.

அவர் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து வரவில்லை. மனைவி சிக்ரிட்டின் தம்பி நீல்ஸின் நிலம் சனிக்கிழமை ஏலத்துக்கு வருகிறது. கடன் கொடுத்தது லிங்கனில் இருக்கும் ஓர் அடமானக் கம்பெனி. ஏல அறிவிப்பில் ரொக்கம் மட்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆகஸ்டிலேயே நீல்ஸ் பிராட்டிடம் போய்க் கடனை மாற்றித் தரக் கேட்டிருந்தான். மணலுக்குக் கடன் கொடுக்க முடியாது என்று பிராட் சொல்லி அனுப்பிவிட்டார். அதிலிருந்து சிக்ரிட் பிராட் வீட்டார் வரும் தெருவில் நடப்பதில்லை. எக்பெர்க்கின் ஆயுள் சேமிப்பு ஆயிரத்து நூறு டாலர் வங்கியில் இருந்தது. அதை எடுத்து நிலத்தைக் கேட்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. காலையில் கிளம்பும்போது சிக்ரிட், பணம் இல்லாமல் வீட்டுக்கு வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவருக்கு முன்னால் நின்றவன் ஹைரம் ஸ்காக்ஸ். பன்றி வளர்ப்பவன், கையில் காசு உள்ளவன், வாய் சும்மா இராதவன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன குஸ், வைஸ் பிரசிடெண்டே வரிசையில நிக்கிறாரு. சமையக்காரனே ஓட்டலுக்கு சாப்பிடப் போனா, அவன் வச்ச சூப்பை எவன் குடிப்பான்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. வைஸ் பிரசிடெண்ட் வரிசையில் நிற்கிறார் என்ற செய்தி பின்னோக்கிப் போய், வரிசையின் நீளத்தைக் கூட்டியது. எக்பெர்க் அதைப் பார்த்தார். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விலகவும் முடியவில்லை.

வங்கியை உண்மையில் நடத்தியவர் கேஷியர் மிஸ் மினர்வா டட்டில். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான பெண்மணி, அப்பாவுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். அன்று கவுண்டரின் பித்தளைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று, கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கக் காசுகள் தீர்ந்து வெள்ளிக்கு வந்தபோது மட்டும் அவர் எண்ணுவது கொஞ்சம் மெதுவானது. வரிசையில் எக்பெர்க்கைக் கண்டதும் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்.

"மிஸ்டர் எக்பெர்க், கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

வரிசையில் சலசலப்பு எழுந்தது. பின்வாசல் வழியாகத் தன் பணத்தை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று ஸ்காக்ஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். எக்பெர்க் காது சிவக்க உள்ளே போனார்.

பின்னறை மேசைமேல் அடுக்கடுக்காகத் தாள்கள் கிடந்தன. கோடையில் பிராட் கூடுதல் நோட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். அது போன வாரம்தான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தாளிலும் மூன்று பத்து டாலர், ஒரு இருபது டாலர். இடது பக்கம் முழுக்க மிஸ் டட்டிலின் கையெழுத்து இருந்தது. இரவெல்லாம் விழித்துப் போட்டிருக்க வேண்டும். வலது பக்கம் வெறுமையாக இருந்தது.

பிராட் இனி எழுத மாட்டார் என்றும், பிரசிடெண்டுக்குப் பதில் வைஸ் பிரசிடெண்ட் போடலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது என்றும் மிஸ் டட்டில் சொன்னார். எக்பெர்க் தாள்களைத் தொடாமல் பார்த்தார்.

"எனக்கு என் பணம் வேணும், மிஸ் டட்டில். சனிக்கிழமை ஏலம்."

"தெரியும். உங்க பணம் பெட்டியில இருக்கு. நீங்க கேட்டா எடுத்துக் குடுத்துத்தான் ஆகணும். குடுத்துட்டா மத்தியானம் வரைக்கும் தாங்காது."

"பெட்டியக் காட்டுங்க."

மிஸ் டட்டில் காட்டினார். எக்பெர்க் குனிந்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல அதற்குள் பார்த்தார். அடியில் கொஞ்சம் கிடந்தது. அவ்வளவுதான். மீதி எங்கே என்று கேட்டார். மிஸ் டட்டில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் வெட்டிய கிணறுகளுக்கே இந்த வங்கிதான் பாதிப் பேருக்குக் கடன் கொடுத்திருந்தது. மீதி களஞ்சியத்துச் சோளத்திலும் பட்டியில் நிற்கும் மாட்டிலும் கிடந்தது. எல்லாம் திரும்பி வரக்கூடிய பணம். இன்றைக்கு வராது.

எக்பெர்க் யோசித்தார். வங்கி உடைந்தால் அவர் சேமிப்பு போகும். அதோடு நிற்காது. பங்குக்காரர் என்பதால் பங்கின் மதிப்புக்கு ஈடான தொகையை அவர் கையிலிருந்தும் பிடுங்குவார்கள். இப்போதே ஆயிரத்து நூறை எடுத்துக்கொண்டு போனால் நிலமாவது மிஞ்சும். கையெழுத்துப் போட்டால் ஊர் முன்னால் இந்த வங்கிக்கு அவர்தான் ஜாமீன். அதற்குப் பிறகு வரிசையில் நிற்க முகம் இருக்காது. யாருக்காக? நீல்ஸை நாயைப்போல் விரட்டிய பிராட்டுக்காகவா?

அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காற்று வேண்டும்போலிருந்தது. முன்னறைக்கு வந்தார்.

அவர் கையில் பணம் இல்லை என்பதை முதலில் ஸ்காக்ஸ்தான் கவனித்தான். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

"உள்ள பாத்தியா குஸ்?"

"பாத்தேன்."

"தண்ணி இருக்கா?"

வாசலுக்கு வெளியே நின்றவர்களும் தலையை நீட்டினார்கள். எத்தனையோ முற்றங்களில், மண்ணாகிப்போன சட்டையோடு, இதே கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். பெண்கள் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. உண்மையைப் பாதியாகச் சொன்னாலே போதும், வாசல் கதவு பிய்ந்துவிடும்.

"இருக்கு," என்றார். "ஆழத்துல இருக்கு. கயிறுதான் எட்டல."

"எப்ப எட்டும்?"

"சோளம் ஒமாஹா போயி பணமா வரணும்."

"அதுவரைக்கும் நாங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணுமா?"

எக்பெர்க் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற மிஸ் டட்டிலைப் பார்த்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதன் வலது பக்கம் இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடறேன்," என்றார்.

வெளிச்சத்துக்காக ஒரு மேசையைத் தெரு ஜன்னலருகே இழுத்துப் போட்டார்கள். எக்பெர்க் கோட்டைக் கழற்றினார், பேனாவை மூன்று விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டார். ஒவ்வொரு நோட்டிலும் பெயரை எழுதி, அச்சடித்திருந்த பிரசிடெண்ட் என்ற சொல்லுக்கு முன்னால் வைஸ் என்றும் எழுத வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனது ஸ்வீடனில், இரண்டு குளிர்காலம் மட்டும். ஒவ்வொரு எழுத்தையும் மண்ணை வாரி வெளியே கொட்டுவதுபோல எழுதினார். ஜன்னலுக்கு வெளியே தெருவில் நின்றவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள்.

முதல் தாளை முடித்ததும் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். அழுத்தம் அதிகமாகி நான்கு நோட்டிலும் மை இழுத்துக்கொண்டு போயிற்று. மிஸ் டட்டில் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தார். ஐம்பது டாலர் வீண். அதற்குப் பிறகு ஒற்றவே வேண்டாம், தானே காயட்டும் என்று முடிவாயிற்று.

காய வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. இரண்டாம் தாள் கத்தரிக்கு வந்தபோது கவுண்டரில் நின்றவன் ஸ்காக்ஸ். தன் கணக்கில் இருந்த எண்ணூற்று அறுபதையும் கேட்டான். நோட்டைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"இந்த பேங்க்க நம்பாமத்தான் நான் வந்து நிக்கிறேன். இந்த பேங்க் பேரு போட்ட தாளையே என் கையில குடுக்கிறீங்களே."

அவனுக்குப் பின்னால் நின்றவர்களிடமிருந்து ஒரு உறுமல் கேட்டது. மிஸ் டட்டில் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலருகிலிருந்து எக்பெர்க் பேசினார். இந்தத் தாளுக்கு ஈடாக வாஷிங்டனில் அரசாங்கப் பத்திரம் கிடக்கிறது, வங்கி முழுகினாலும் தாள் முழுகாது, எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் செல்லும் என்றார். ஜனவரிக் கூட்டங்களில் ஆப்பிள் பைக்கு நடுவே காதில் விழுந்த செய்தி அது.

ஸ்காக்ஸ் கண்ணைச் சுருக்கினான்.

"அப்ப கணக்குல கெடக்கிற என் பணத்துக்கு ஈடு எங்க கெடக்கு?"

எக்பெர்க் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுக்கு ஈடு இல்ல."

"அப்ப கணக்கை விட தாளுதான் கெட்டின்றே."

"ஆமா."

"அப்ப பூராத்தையும் தாளாவே குடு," என்றான் ஸ்காக்ஸ்.

மிஸ் டட்டில் கண்களை மூடித் திறந்தார். நம்பிக்கை ஊட்டுவதற்காகச் சொன்ன உண்மையே பெட்டியைக் காலி செய்யும் உண்மையாகிவிட்டது. வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் பூராவையும் தாளாகக் கேட்டால், தாள்கள் எல்லோருக்கும் பற்றாது. எக்பெர்க்குக்கும் அது புரிந்தது. சொன்னதைத் திரும்ப விழுங்க முடியாது. குனிந்து எழுதினார்.

ஸ்காக்ஸின் பணம் ஒரேயடியாகக் கிடைக்கவில்லை. ஒரு தாளுக்குக் கையெழுத்து, பிறகு கத்தரி, பிறகு எண்ணிக்கை. அவனுக்கு மட்டும் கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் நின்ற பெண்கள் குழந்தைகளை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். வாங்கிய நோட்டுகளை ஸ்காக்ஸ் மடித்துப் பையில் வைக்கப் போனபோது மிஸ் டட்டில் தடுத்தார்.

"மை ஈரம், மிஸ்டர் ஸ்காக்ஸ். மடிச்சா ஒட்டிக்கும். கையெழுத்து அழிஞ்சா எவனும் வாங்க மாட்டான்."

அதனால் ஸ்காக்ஸ் நோட்டுகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி காயப்போடுகிறவனைப்போல வெளியே போனான். அவனுக்குப் பின்னால் வாங்கியவர்களும் அப்படியே போனார்கள். நவம்பர்க் காற்று. தெருவில் நிற்க முடியவில்லை, நோட்டைப் பறக்க விடவும் முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கடைகளுக்குள் ஒதுங்கினார்கள். ஜவுளிக்கடைக் கவுண்டரிலும் இறைச்சிக்கடைப் பலகையிலும் நோட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, மை காயும்வரை கடைக்காரர்களிடம் பேசிக்கொண்டு நின்றார்கள். சும்மா நின்றால் கடைக்காரன் முகம் சுளிப்பான். பழைய பாக்கியைத் தீர்த்தார்கள். கம்பளிக் கையுறை வாங்கினார்கள். குளிர்காலத்து மாவு மூட்டைக்கு முன்பணம் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் வலது பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இது எக்பெர்க் எழுதியதா, அவர் கிணற்றுக்குள் இருந்துகொண்டு எழுதினாரா என்று கேட்டார்கள். ஆனால் வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு காரியம் நடந்தது. கடைக்காரர்களிடம் நோட்டு குவிந்தது. அவ்வளவு பணத்தை இரவு கடையில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு இரும்புப்பெட்டி இல்லை. முதலில் இறைச்சிக்கடைக்காரர் ஏப்ரனோடு வந்து வரிசையைக் கடந்து இன்னொரு கவுண்டரில் பணத்தைக் கட்டினார். வரிசை அதைப் பார்த்தது. பிறகு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். காலையில் போன நோட்டுகள் மை முழுதாகக் காய்வதற்குள் திரும்பி வந்தன. மிஸ் டட்டில் அவற்றையே எண்ணி அடுத்தவருக்குக் கொடுத்தார். எக்பெர்க் தான் எழுதிய பெயர் இரண்டாம் முறையாகத் தன் மேசையைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். வரிசையின் கடைசியில் நின்றவர்கள், மாடு கறக்கும் நேரமாயிற்று என்று சொல்லி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கதவை மூடியபோது எக்பெர்க்கின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. பேனாவை விரல்களிலிருந்து மிஸ் டட்டில்தான் எடுத்தார். இன்னும் கொஞ்சம் தாள் மிச்சம், அவர் கணக்குக்கு இப்போதே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். எக்பெர்க் தலையசைத்து மறுத்தார். நாளைக்கும் வரிசை வரும்.

வீட்டில் சிக்ரிட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மை முழங்கை வரை வழிந்திருந்தது.

"பணம் எங்க?"

"பேங்க்ல."

சிக்ரிட் அடுப்பு மூடியை இழுத்துச் சாத்தினாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் ஜன்னல் மேசைக்குப் போனார். வரிசை குட்டையானது. வியாழக்கிழமை வரிசையே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் தன் பணத்தை எடுக்கப் போனார். மிஸ் டட்டில் எதுவும் கேட்காமல் பெட்டியைத் திறந்து, நோட்டுக்கட்டை எடுத்துக் கம்பிக்கு இப்புறம் தள்ளினார். எக்பெர்க் கையை நீட்டினார். பின்னால் அடுப்பருகே கதைபேசிக்கொண்டிருந்த நான்கு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையிருக்கவில்லை, அந்த நிசப்தம் எங்கே போகும், எந்தத் தெருவழியாகப் போகும், திங்கட்கிழமை காலை எந்தக் கடையைத் தாண்டி நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கட்டை உள்ளே தள்ளினார்.

"இருப்பு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்," என்றார் சற்று உரக்க.

"சரியா இருக்கு, மிஸ்டர் எக்பெர்க்," என்றார் மிஸ் டட்டில்.

சனிக்கிழமை ஏலம் மாவட்ட நீதிமன்றப் படிக்கட்டில் நடந்தது. அடமானக் கம்பெனியின் ஆள் லிங்கனிலிருந்து வந்திருந்தான். எக்பெர்க் முன்கூட்டியே அவனைத் தனியே கூப்பிட்டு, வங்கிக் காசோலை எடுத்துக்கொள்வீர்களா, தான் அந்த வங்கியின் வைஸ் பிரசிடெண்ட் என்று கேட்டார். அவன் அவருடைய பூட்ஸைப் பார்த்துவிட்டு, இந்த மாதம் பிரசிடெண்டே காசோலை கொடுத்தாலும் எடுப்பதில்லை என்றான்.

ஊரில் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் சொற்பம். முதலில் கேட்டவன் ஸ்காக்ஸ். இரண்டாவதாகக் கேட்க ஆள் இல்லை. எழுநூற்று ஐம்பதுக்கு நிலம் முடிந்தது. அதன் பாதி விலைகூட இல்லை. நீல்ஸ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிக்ரிட் அவன் பக்கத்தில் நின்றாள்.

ஸ்காக்ஸ் படிக்கட்டிலேயே நோட்டுகளை எண்ணி வைத்தான். கம்பெனி ஆள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"பிராட் கையெழுத்து எனக்குத் தெரியும். இது என்ன, கோழி கிளறின மாதிரி இருக்கு? இதை வாங்கிட்டுப் போனா எங்க ஆபீஸ்ல என்னைத்தான் கிளறுவாங்க."

"போட்டவரே அங்க நிக்கிறாரு. அவரையே கேளுங்க," என்றான் ஸ்காக்ஸ்.

எல்லோரும் திரும்பினார்கள். கம்பெனி ஆள் நோட்டைத் தூக்கிக் காட்டினான்.

"ஐயா, இது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"செல்லுமா?"

சிக்ரிட் அவரைப் பார்த்தாள். அவள் பார்வையில் இருந்ததை அவர் படித்தார். தயங்கினாலே போதும். தோளைக் குலுக்கினாலே போதும். அந்த ஆள் நோட்டை வாங்க மாட்டான், ஏலம் தள்ளிப்போகும், இன்னொரு தேதி குறிக்க ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் சோளப் பணம் வந்துவிடும். யாரும் அவரைப் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தயக்கம் படிக்கட்டோடு நிற்காது. ஊரில் எத்தனை மாவுப் பானைக்குள், எத்தனை படுக்கைக்கு அடியில் அந்தக் கோழிக் கிளறல் கிடக்கிறதோ, அத்தனைக்குள்ளும் போகும்.

"செல்லும்," என்றார் எக்பெர்க். "நல்ல பணம்தான்."

கம்பெனி ஆள் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டான். நீல்ஸ் சக்கரத்தை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் அவன் குடும்பத்தோடு கனடா பக்கம் போய்விட்டான். சோளம் விற்றது, ஒமாஹா பணம் அனுப்பியது, வங்கியும் பல வருடம் நின்றது. கிணற்றுக்கார நோட்டு என்று ஊர் பேர் வைத்த அந்த நோட்டுகள் கசங்கிக் கிழிந்து வாஷிங்டனுக்குத் திரும்பிப் போகும்வரை புழக்கத்தில் இருந்தன. அவை எதையும் யாரும் மறுத்ததாகக் கேள்வி இல்லை. எக்பெர்க் 1921இல் காலமானார்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். ஓடையைத் தாண்டியதும் சிக்ரிட் கேட்டாள்.

"திங்கக்கிழமையே நீ பணத்தை எடுத்திருந்தா?"

"பேங்க் அன்னைக்கே ஒடைஞ்சிருக்கும்."

"ஸ்காக்ஸ்?"

"எனக்கு முன்னாடிதான் நின்னான். ஆனா உள்ள போயி என் பணத்தை மொதல்லயே நான் வாங்கியிருப்பேன். மிஞ்சினதுல அவனுக்குப் பாதிதான் கெடைச்சிருக்கும். அதை வச்சு அவனால நிலம் கேட்டிருக்க முடியாது."

"அப்ப இன்னைக்குப் படிக்கட்டுல நீ ஒருத்தன்தான் கேட்டிருப்பே."

"ஆமா. நான் ஒருத்தன்தான்."

"அதைத்தான் சொல்றேன்," என்றாள் சிக்ரிட்.

குதிரை மேட்டில் ஏறும்போது கடிவாளம் இழுத்தது. வீங்கிய மணிக்கட்டால் பிடிக்க முடியவில்லை. சிக்ரிட் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடிவாளத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தானே ஓட்டினாள்.